சத்தி

“சத்தி இருக்கோ?” என்று கேட்டேன்.

“சக்தியே இல்லைங்க மிஸி” என்றாள் அவள்.

மிஸி என்றது என்னைத்தான், வன்னியில் ஒரு பகுதிக்கு நான் குடும்பநல மருத்துவிச்சி. கிளினிக் வாங்கில் இருந்த தாய்மார் சிரித்தார்கள். தராசடியில் நின்ற எங்கள் கிளினிக் பிள்ளையும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதிவை எழுதுவதில் அர்த்தமில்லை. சிரித்தபடியே கர்ப்பவதி அட்டையில் வாந்திக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சத்தி என்றால் வாந்தி. பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது தெரியும். மலையகத்தில், பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இங்கே கலியாணம் கட்டி வந்து நாலு மாதம்கூட ஆகாத பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உடம்பில் பலம் இருக்கிறதா என்று கேட்கிறேன் என்று நினைத்தாள். சரியான பதிலைத்தான் சொன்னாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் வாந்தி எடுக்கிறவளிடம் சக்தி எங்கே இருக்கும்?

பத்து நாள் கழித்து மாமியார்க்காரி போன் எடுத்தார். “மிஸி, புள்ள எந்திரிக்கவே மாட்டேங்குது.” ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பாயில் கிடந்தாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், கையைத் தூக்கினால் அப்படியே விழுகிறது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். நிறை நாலு கிலோ இறங்கியிருந்தது. சாப்பாடு தங்காமல் உடம்பு தன் கொழுப்பையே எரிப்பதைக் காட்டும் கீட்டோன் சிறுநீரில் வந்திருந்தது.

வார்ட்டில் இருந்த டொக்டர் தெற்கிலிருந்து வந்தவர், சின்ன வயது. வந்த இடத்தில் தமிழ் பழகியிருக்கிறார், அதுவும் எங்கள் தமிழ். வயிற்றில் கையை வைத்து “நோகுதா?” என்று கேட்டார். அவள் விழித்தாள். அவளுக்கு அது ‘வலிக்குதா’. டொக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு சிங்களத்தில் கேட்டார், “வமனே யனவாத?” அவ்வளவுதான். படுத்திருந்த பிள்ளை கடகடவென்று சிங்களத்தில் சொல்லத் தொடங்கிவிட்டாள். எத்தனை நாளாக, எத்தனை தரம், என்ன குடித்தால் தங்குகிறது, என்ன மணந்தால் வருகிறது, எல்லாம். பதுளையில் பஸ் ஏறவும் கடையில் சாமான் வாங்கவும் சிங்களம் வேண்டும், அவள் பேசுவாள். எனக்கு வராது. சிங்கள டொக்டரும் தமிழ்ப் பிள்ளையும் கதைத்துக்கொண்டிருக்க, இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் தாய்மாரைப் பார்க்கும் நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

டொக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “மிஸி, இதிலை இல்லை எண்டு இருக்கு” என்றார்.

கையெழுத்து என்னுடையது.

மூன்று நாள் சேலைன் ஏறியது. பிள்ளைக்கும் வயிற்றில் இருந்த பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வட்ஸ்அப்பில் வந்தாள். கனடாவில், ஒன்டாரியோவில், உள்ளூர் பொதுச் சுகாதாரப் பிரிவு ஒன்றில் நேர்ஸ். நான் இங்கே செய்கிற வேலையில் பாதியைத்தான் அவள் அங்கே செய்கிறாள், காருக்கும் சம்பளத்துக்கும்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “அக்கா, எங்களுக்கு இதைத்தான் ரெண்டு நாள் வகுப்பு வைச்சுச் சொல்லித் தந்தவை” என்றாள்.

என்ன வகுப்பு? இனவாதம் இல்லாத சுகாதார சேவை, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது, அந்த நாட்டு ஆதிக்குடிகளோடு நல்லிணக்கம். நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வழக்கம்போலக் கொட்டாவி வந்தது. எங்களுக்கு அது பெயர்ப்பலகையில் மூன்று மொழியில் எழுதுகிற சொல். ஆணைக்குழு, அறிக்கை, கொடி, தேநீர். அங்கேயும் அப்படித்தானோ என்றேன். கொஞ்சம் அப்படியும்தான் என்று ஒத்துக்கொண்டாள். கூட்டம் தொடங்கும்போது இந்த நிலம் இன்ன ஆதிக்குடிகளுடையது என்று ஒருவர் வாசிப்பாராம், வாசித்து முடிந்ததும் அடுத்த நிமிடமே வரவு செலவுக் கணக்குக்குப் போவார்களாம்.

ஆனால் அங்கே எழுத்தில் ஒன்று இருக்கிறது. ஆதிக்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் போட்டு, மொழியை மறக்கடித்த கதையை விசாரித்த ஆணைக்குழு 2015-ல் 94 பரிந்துரைகள் கொடுத்தது. அதில் 18 முதல் 24 வரை சுகாதாரம் பற்றியவை. ஆதிக்குடிகளிலிருந்தே சுகாதார ஊழியரைக் கூட்டு, அவர்களுடைய வைத்திய முறைக்கு மதிப்புக் கொடு, மருத்துவ, தாதியப் பாடசாலைகளில் இந்த வரலாற்றைக் கட்டாயம் படிப்பி. தங்கச்சி இருந்த வகுப்பு அதிலிருந்து வந்ததுதான்.

அந்த வகுப்பில் ஜோய்ஸ் எஷாக்வான் என்ற பெண்ணின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அட்டிக்கமெக் என்ற ஆதிக்குடியைச் சேர்ந்தவள், 37 வயது, ஏழு பிள்ளைகளின் தாய். 2020 செப்டெம்பர் 28-ஆம் திகதி, கியூபெக் மாகாணத்தின் ஜோலியெட் ஆஸ்பத்திரியில் கட்டிலில் இருந்தபடியே போனில் பேஸ்புக் நேரலை போட்டாள். தன்னுடைய மொழியில் உதவி கேட்டாள். பக்கத்தில் நின்ற ஊழியர்கள் அவளைப் பிரெஞ்சில் இழிவாகப் பேசுவது அதில் பதிவாகியிருக்கிறது. அவளைப் போதைக்கு அடிமையானவள் என்று முன்னமே முடிவு செய்துவிட்டார்கள். அன்றைக்கே இறந்துபோனாள். அடுத்த வருடம் மரண விசாரணை அதிகாரி, இனவாதமும் முன்முடிவும் அந்தச் சாவுக்குப் பங்களித்தன என்றும், இது தவிர்த்திருக்கக்கூடிய சாவு என்றும் எழுதினார்.

“அவையும் முதல்லை சிரிச்சுத்தான் இருப்பினம் அக்கா” என்றாள் தங்கச்சி. நான் போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பப்பா 1950-களில் தீவுப்பகுதியிலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்காக வந்தவர். குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலும் மேட்டு நிலமும் கிடைத்தது. காடு வெட்டி, யானைக்கும் மலேரியாவுக்கும் தப்பி உருவாக்கிய காணி என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். பொய்யில்லை. ஆனால் அந்த வயலில் நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் யார் என்பதை அவர் சொன்னதில்லை. 1958-லும் பிறகு 1977-லும் கலவரங்களில் மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்த சனங்கள். 1948-ல் குடியுரிமை பறிபோய், 1964-ல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு இத்தனை லட்சம் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் இலங்கைக்கு என்று பங்குபிரித்த சனங்கள். வன்னியில் அவர்களுக்குக் கிடைத்தது வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுத் துண்டுகள். அவர்கள் வெட்டியதும் காடுதான்.

எங்கள் குசினிக்குப் பின்னால், கிடுகுத் தட்டியில், இரண்டு தகரப் பேணிகள் கம்பியில் தொங்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு. குடித்துவிட்டு அவர்களே கழுவி, அவர்களே தொங்கவிட வேண்டும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது தாகத்தில் அதில் ஒன்றை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டேன். அம்மம்மா அடிக்கவில்லை. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாய் கொப்பளிக்க வைத்தார். அடியை மறந்திருப்பேன்.

அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது, தோட்டக்காட்டார். எங்கள் வீட்டில் அது வசைச்சொல் என்று நினைத்துச் சொல்லப்படவில்லை, பெயர் மாதிரித்தான் சொல்லப்பட்டது. அது வசைச்சொல் என்று எனக்கு விளங்கியபோது நான் சீருடை போட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

இன்றைக்கு கிளினிக்கில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி இருக்கிறது, “சொந்த இடம் எது?” வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் ருசி தெரியும். விலாசம் கேட்பது வேறு. விலாசம் எனக்குத் தேவை, வீட்டுக்குப் போக வேண்டும், திரிபோஷ சத்துமா கொடுக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். சொந்த இடம் என்பதற்கு என்னுடைய எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. ஆனாலும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவள் யாழ்ப்பாணமா, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அல்லது ‘அந்தப் பக்கமா’. பதில் வந்ததும் குரல் தானாக ஏறும் அல்லது இறங்கும். ‘வாங்கோ, இருங்கோ’ என்பது ‘வா, இரு’ ஆகிவிடும். அட்டையில் எழுதும் எழுத்தில்கூட அவசரம் வந்துவிடும். இவள் சொல்வதைத் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்று தோன்றாது. ‘சக்தியே இல்லைங்க’ என்ற பதில் கேள்விக்குப் பொருந்தவில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருத்தி அப்படிப் பொருந்தாத பதில் சொல்லியிருந்தால் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

இதே கேள்வியை எங்களிடமும் கேட்டிருக்கிறார்கள். 2009-ல் யுத்தம் முடிகிற நேரம் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றபோது, மேசைக்குப் பின்னால் இருந்த சிப்பாய் என்னிடம் “கம கொஹெத?” என்றான். ஊர் எது. பக்கத்தில் நின்றவர் மொழிபெயர்த்தார். எனக்கு முன்னால் நின்றவளும் பின்னால் நின்றவளும் அதே கேள்விக்கு வயிறு கலங்கித்தான் பதில் சொன்னார்கள். பின்னால் நின்றவள் மேட்டு நிலத்துப் பெண், எங்கள் கிளினிக்கில் தன் இரண்டு பிள்ளைக்கும் ஊசி போடுவித்தவள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் ஒரே கூடாரத்தின் இரண்டு மூலையில் கிடந்தோம், ஒரே வாளியில் தண்ணீர் மொண்டோம். வெளியே வந்து தகரக் கொட்டில் போட்டு, பிறகு வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டி, கதவு போட்ட உடனே சொந்த இடமும் திரும்பி வந்துவிட்டது.

தங்கச்சியோடு அடுத்த கிழமை சண்டை பிடித்தேன். அவள் சொன்னாள், அங்கே படிவத்திலேயே நீங்கள் எந்த இனம், ஆதிக்குடியா என்று கேட்கிறார்களாம். விரும்பினால் பதில் சொல்லலாம். பிறகென்ன, அதுவும் சொந்த இடம் கேட்கிறதுதானே என்றேன். இல்லை என்றாள். கேட்பது யாருக்கு ஊசி போய்ச் சேரவில்லை, யாருடைய பிள்ளை நிறை குறைவாகப் பிறக்கிறது என்று எண்ணிப் பார்க்க. எண்ணாவிட்டால் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் சேவை கொடுக்கிறோம் என்று சொல்லித் தப்பிவிடலாம். எனக்கு அது முழுதாக ஏறவில்லை. அந்தக் கட்டம் எங்கள் அட்டையில் வந்தால், அதை நிரப்புகிறவள் என்னைப் போன்ற ஒருத்திதானே? எண்ணுவதற்கு முன்னால் அவள் முகத்தைச் சுளித்துவிடுவாள். ஆனாலும் என்னுடைய பகுதியில் முதல் மூன்று மாதத்துக்குள் பதிவுக்கு வராமல் பிந்தி வருகிற தாய்மார் யார் யார் என்று ஒரு இரவு பழைய கொப்பியை விரித்துப் பார்த்தேன். யார் வீடுகள் என்று எண்ணத் தேவையே இருக்கவில்லை. பஸ் போகாத பக்கம் என்பது ஒரு காரணம். என்னைக் காணப் பிடிக்காதது இன்னொரு காரணமாக இருக்கலாம், அதை எந்தக் கொப்பியிலும் காண முடியாது.

அவள் சொன்னதில் மனதில் தங்கிய இன்னொன்று இருக்கிறது. நியூசிலாந்தில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நேர்ஸ் ஒருவர் இருந்தாராம். நேர்ஸ் கொடுத்த பராமரிப்பு பண்பாட்டு அளவில் பாதுகாப்பானதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியவர் நேர்ஸ் அல்ல, அந்தப் பராமரிப்பைப் பெற்றவர்தான் என்று வாதாடியவர். 1992-ல் அங்கே தாதியர் சபை அதைப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. எங்களுடைய வேலையை மேற்பார்வை மிஸி பார்ப்பார், சுகாதார வைத்திய அதிகாரி பார்ப்பார், பதிவேட்டைப் பார்ப்பார்கள், வரைபடத்தைப் பார்ப்பார்கள். தாயிடம் யாரும் கேட்டதில்லை.

“நாங்களும் இங்க குடியேறினாக்கள்தான் அக்கா” என்று தங்கச்சி போகிற போக்கில் சொன்னாள். அந்தச் சொல் எனக்குக் குத்தியது. குடியேற்றம் என்பதை நாங்கள் வன்னியில் கோபத்தோடு சொல்லிப் பழகியவர்கள். அரசு சிங்களக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய மணலாறு என்றாலே அந்தக் கோபம்தான். அவள் அகதியாகப் போனவள், யாருடைய காணியையும் பறிக்கப் போகவில்லை. ஆனாலும் அவள் வீடு வாங்கிய நிலத்துக்கு முன்னமே ஒரு பெயர் இருந்திருக்கிறது, அந்தப் பெயரைச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் அவளுடைய கிளினிக்குக்கு வருகிறார்கள். அதை அவள் தலையைக் குனிந்தும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. அவளுக்கு வேலையில் அது தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம், அவ்வளவுதான்.

சரி, நான் என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றுமில்லை. தராசுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மட்டையில் சொற்களை எழுதி ஒட்டினேன். சத்தி – வாந்தி. வயிற்றோட்டம் – பேதி. நோ – வலி. தடிமன் – சளி. வருகிற தாய்மாரே விட்டதைச் சொல்லச் சொல்ல மட்டை நீண்டுகொண்டு போகிறது. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி, ‘இதென்ன, தமிழுக்குத் தமிழ் மொழிபெயர்ப்போ’ என்று கேட்டாள். ஓம் என்றேன். தமிழர் எல்லாரும் ஒன்று என்று மேடையில் சொல்கிறவர்கள் கிளினிக் பக்கம் வருவதில்லை.

எல்லோரையும் ‘நீங்கள்’ என்று கூப்பிடப் பழகுகிறேன். இதுதான் கஷ்டமாக இருக்கிறது. வாய் பழக்கத்துக்குப் போய்விடும். ஒரு தாய்க்கு ‘இரு’ என்று சொல்லிவிட்டு நடுவில் ‘இருங்கோ’ என்று திருத்தினால் அவளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். முல்லைத்தீவில் வேலை செய்யும் சிநேகிதி, 1990-ல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளுக்குப் போகிறவள், அவளும் இதைத்தான் சொன்னாள். நல்ல மனதோடு போகிறாய், வாய் பழைய வாய். அவளுக்கு அங்கே வேறு சிக்கல்கள். அதை அவள்தான் எழுத வேண்டும்.

போன கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். குழந்தைக்கு இப்போது ஏழு மாதம், பெண் பிள்ளை. மாமியார்க்காரி என்னை வாசலிலேயே நிற்கவிடாமல் உள்ளே கூப்பிட்டு, பிளாஸ்ரிக் கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். 1977-ல் பத்துப் பதினொரு வயதில் இங்கே வந்தவர். கண்ணாடி அலுமாரியைத் திறந்து, பூப்போட்ட கிளாஸ் ஒன்றை எடுத்து, இரண்டு தரம் கழுவி, அதில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அந்த அலுமாரிக்குள் அப்படி ஆறு கிளாஸ் இருந்தன. தனக்கும் மருமகளுக்கும் பிளாஸ்ரிக் கோப்பையில் ஊற்றினார்.

“எனக்கும் அதிலையே தந்திருக்கலாம் அம்மா” என்றேன்.

“அது விளிம்பு ஒடைஞ்சதுங்க.”

குடித்துக்கொண்டிருந்தேன். அவர் குழந்தையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், “வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாவல் மரத்தடி வீடு ஒங்க அப்பப்பா வீடுதானே மிஸி?”

“ஓம்.”

“நா அங்க களை எடுத்திருக்கேன். ரெண்டு போகம். நீங்க அப்ப சின்னப் புள்ள.” கொஞ்ச நேரம் விட்டு, “அந்தப் பேணி ரெண்டும் இருக்குதுங்களா?”

“சண்டையிலை எல்லாம் போட்டுது அம்மா. வீடும் போட்டுது.”

“அது போயிருக்காது” என்றார். “தகரம் லேசுல போகாதுங்க.”

அப்புறம் குழந்தையை என் கையில் தந்தார். மருமகள் தராசைக் கொக்கியில் மாட்டினாள். ஏழு கிலோ இருநூறு. வரைபடத்தில் புள்ளியை வைத்துவிட்டு, சாப்பாடு எப்படி, தடிமன் இருந்ததா என்று கேட்டேன்.

“தடிமன் இல்லைங்க. ஆனா முந்தாநாளு ரெண்டு வாட்டி சத்தி எடுத்துச்சு மிஸி” என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுதிக்கொண்டேன்.